லினக்ஸ் சர்வருக்குப் பாதுகாப்பான ரிமோட் டெஸ்க்டாப்: எஸ்எஸ்எச் டனலுக்குள் எக்ஸ்ஆர்டிபி அமைக்கும் முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் சர்வரை நிர்வகிக்கும் வேலையில் பெரும்பகுதி டெர்மினலிலேயே முடிந்துவிடும், முடியவும் வேண்டும். ஆயினும் சில வேலைகளுக்குத் திரையும் மவுஸும் இருந்தால்தான் கை ஓடும். ஆரக்கிள் தரவுத்தளத்தை அதன் வரைகலை நிறுவியைக் கொண்டு நிறுவுவது, வயர்ஷார்க்கில் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது, சர்வரிலிருந்து மட்டுமே எட்டக்கூடிய ஒரு ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறப்பது போன்றவை அத்தகையவை. அப்படிப்பட்ட தேவை உள்ள நிர்வாகிகளுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: டெஸ்க்டாப்புக்கென்று இணையத்தை நோக்கிப் புதிதாக ஒரு போர்ட்கூடத் திறக்கக் கூடாது. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து குறியாக்கத்துடன் நுழையும் வழி) வாசலை முதலில் உறுதிப்படுத்திவிட்டு, டெஸ்க்டாப் அந்த வாசலுக்கு உள்ளே மட்டும் இயங்கும்படி செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த விதியிலிருந்தே பிறக்கிறது. ஆகவே ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டாம்.

எடுத்துக்காட்டாக உபுண்டு 24.04 எல்டிஎஸ் பதிப்பைக் கொள்கிறேன். டெபியன் 12-இலும் ஏறத்தாழ இதே படிகள்தான். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் அவை ஒலிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை மட்டும் தனியே குறிப்பிடுகிறேன்.

எந்த முறையைத் தேர்வது

டெஸ்க்டாப்பே தேவையா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் திரை வேண்டும் என்றால், உங்கள் சொந்த லினக்ஸ் கணினியிலேயே விர்ட்-மேனேஜரை நிறுவி, அதை எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருடன் இணைத்துவிடலாம். சேவைகள், வட்டு இடம், லாக் ஆகியவற்றை உலாவியில் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், 9090 போர்ட்டில் இயங்கும் காக்பிட் போதும்; அதையும் டனல் (எஸ்எஸ்எச் இணைப்புக்குள் செல்லும் பாதை) வழியாகவே பார்க்கலாம். ஒரே ஒரு செயலியின் சாளரம் மட்டும் வேண்டும் என்றால், எஸ்எஸ்எச்சின் எக்ஸ்11 ஃபார்வர்டிங் உண்டு. ஆனால் லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் நெறிமுறை ஒவ்வொரு சிறு செயலுக்கும் சர்வருக்கும் உங்கள் கணினிக்கும் இடையே பலமுறை போய்வரும் இயல்புடையது. அலுவலக உள்வலையில் அது தெரியாது. கண்டம் தாண்டி இருக்கும் சர்வரில் ஒரு மெனு திறப்பதற்கே காத்திருக்க நேரும். அதோடு, இணைப்பு அறுந்தால் செயலியும் மூடிவிடும். பாதி ஓடிய நிறுவல் ஒன்று அப்படி அறுபடுவது சிறிய தொல்லை அல்ல.

முழு டெஸ்க்டாப்தான் வேண்டும் என்று முடிவானால், முன்னால் நிற்பவை விஎன்சி, ஆர்டிபி என்ற இரண்டும். விஎன்சி 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. அதன் நெறிமுறை 2011-இல் ஆர்எஃப்சி 6143 ஆக வெளியிடப்பட்டது. திரையில் உள்ள படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் எளிய வடிவமைப்பு அதனுடையது. அந்த எளிமைதான் அதன் பலம், அதுவே அதன் குறையும்கூட. மரபான விஎன்சி உள்நுழைவில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அதன்பின் செல்லும் திரையின் படமும் விசை அழுத்தங்களும் குறியாக்கம் இல்லாமலே போகும். டைகர்விஎன்சி போன்ற பிற்காலச் செயலிகள் டிஎல்எஸ் குறியாக்கத்தைச் சேர்த்திருந்தாலும், எதிர்முனையில் உள்ள செயலியும் அதே வகையை அறிந்திருந்தால்தான் பயன்.

ஆர்டிபி மைக்ரோசாஃப்டின் நெறிமுறை. வழக்கமான போர்ட் 3389. லினக்ஸ் சர்வரை ஆர்டிபி பேச வைக்கும் எக்ஸ்ஆர்டிபி திட்டம் 2004-இல் தொடங்கிய திறமூலத் திட்டம். நான் இதையே பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஒவ்வொருவரும் தத்தம் லினக்ஸ் பயனர் கணக்கிலேயே நுழைவதால், யார் எப்போது வந்தார் என்பது லாக்கில் தனித்தனியாகப் பதிவாகும். விண்டோஸ் கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கிளிப்போர்டு இருபுறமும் வேலை செய்யும். இணைப்பு அறுந்தாலும் அமர்வு சர்வரில் உயிரோடு இருக்கும். லினக்ஸ் உலகம் போகும் திசையும் இதுதான்: 2025-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, எக்ஸ் நெறிமுறையை இயக்கும் எக்ஸ்.ஆர்க் சர்வரையே கைவிட்டு, தொலைநிலை டெஸ்க்டாப்பில் விஎன்சிக்குப் பதிலாக ஆர்டிபியை வைத்திருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பும் தன் 46-ஆம் பதிப்பிலிருந்து, எதிரே யாரும் அமராத கணினியில்கூட ஆர்டிபி வழியாக நேரடியாக உள்நுழைய வழி செய்திருக்கிறது. க்னோமை ஏற்கெனவே நிறுவியிருக்கும் கணினிக்கு அது நல்ல வழி. ஆனால் சர்வரில் புதிதாக ஒரு டெஸ்க்டாப் நிறுவப்போகிறீர்கள் என்றால், நினைவகத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் போதும். க்னோமின் அசைவுகளும் நிழல்களும் ஒவ்வொரு சட்டகமாக இணைப்பில் பயணப்பட வேண்டியவை என்பதை மறந்துவிடக் கூடாது.

படி 1: எஸ்எஸ்எச் வாசலை உறுதியாக்குதல்

இந்த முழு அமைப்பின் பாதுகாப்பும் எஸ்எஸ்எச்சின் மேல்தான் நிற்கிறது. எனவே அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே.

உங்கள் கணினியில் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையைக் கொண்டு இடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு ஒரு கடவுத்தொடரும் கொடுங்கள். பொதுச் சாவியை ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ மூலம் சர்வருக்கு அனுப்பி, கடவுச்சொல் இல்லாமல் சாவியைக் கொண்டே உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். அது நடந்த பிறகே சர்வரின் அமைவுகளில் கை வைக்க வேண்டும்.

சர்வரில் ‘இடிசி’ கோப்புறைக்குள் ‘எஸ்எஸ்எச்’ என்பதற்குள்ளே ‘எஸ்எஸ்எச்டி அண்டர்ஸ்கோர் கான்ஃபிக் டாட் டி’ என்றொரு கோப்புறை உண்டு. அதில் 10 என்ற எண்ணில் தொடங்கும் பெயரோடு, ‘கான்ஃப்’ என முடியும் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன், கேபிடிஇன்டராக்டிவ்ஆத்தென்டிகேஷன், பெர்மிட்ரூட்லாகின் ஆகிய மூன்றுக்கும் ‘நோ’ என்ற மதிப்பைத் தாருங்கள். ஏலவ்டிசிபிஃபார்வர்டிங் மட்டும் ‘யெஸ்’ ஆக இருக்க வேண்டும். அது இல்லாமல் டனல் வேலை செய்யாது.

பெயரின் முன்னால் 10 என்று வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டி ஓர் அமைவை எத்தனை இடத்தில் கண்டாலும், முதலில் கண்ட மதிப்பையே ஏற்கும். பின்னால் வருவதைப் பொருட்படுத்தாது. கிளவுட் நிறுவனங்கள் தரும் உபுண்டு படிமங்களில் 50 எண்ணில் தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ஒன்று இதே கோப்புறையில் இருப்பதுண்டு. அதில் கடவுச்சொல் நுழைவுக்கு ‘யெஸ்’ என்றிருக்கலாம். முதன்மைக் கோப்பின் அடியில் நீங்கள் ‘நோ’ என எழுதி வைத்து நிம்மதியாக இருப்பீர்கள். சர்வரோ கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டே இருக்கும். ஆகவே எழுதியதை நம்பாமல், நடப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சர்வரிடமே கேட்க வேண்டும்: ‘சூடோ எஸ்எஸ்எச்டி’ என்பதோடு சிறுகோடும் பெரிய எழுத்து ‘டி’யும் சேர்த்து இயக்கினால், உண்மையில் நடைமுறையில் உள்ள எல்லா மதிப்புகளும் பட்டியலாக வரும். அதற்கு முன், அதே கட்டளையைச் சிறிய எழுத்து ‘டி’யுடன் இயக்கினால், கோப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று சோதித்துச் சொல்லிவிடும்.

பிறகு எஸ்எஸ்எச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு டெர்மினலிலிருந்து புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால், பழைய டெர்மினல் இன்னும் திறந்திருக்கும், அதிலேயே திருத்திவிடலாம். கிளவுட் சர்வராக இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கும் அவசரக் கன்சோல் வேலை செய்கிறதா என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

படி 2: டெஸ்க்டாப்பை நிறுவுதல்

‘சூடோ ஆப்ட் அப்டேட்’ இயக்கியபின், ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையில் எக்ஸ்எஃப்சிஇ4, எக்ஸ்எஃப்சிஇ4-டெர்மினல், டிபஸ்-எக்ஸ்11 ஆகிய மூன்று தொகுப்புகளையும் கேளுங்கள். கட்டளையோடு ‘நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது. சர்வருக்குத் தேவையில்லாத துணைத் தொகுப்புகள் அதனால் தவிர்க்கப்படும். 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் எக்ஸ்எஃப்சிஇ எழுந்துவிடும் என்றாலும், ஓர் உலாவியைத் திறந்தவுடன் மூச்சுத் திணறும். சர்வரின் அசல் வேலைக்குத் தேவையானதைத் தவிர, டெஸ்க்டாப்புக்கென்று குறைந்தது 2 ஜிபி தனியே இருக்கட்டும்.

நிறுவல் முடிந்ததும் ‘சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்’ என்று கேட்டுப் பாருங்கள். விடை ‘கிராஃபிகல்’ என்று வந்தால், ‘செட்-டிஃபால்ட்’ மூலம் அதை ‘மல்டி-யூசர் டாட் டார்கெட்’ ஆக மாற்றிவிடுங்கள். எக்ஸ்ஆர்டிபி தனக்கு வேண்டிய எக்ஸ் சர்வரைத் தானே எழுப்பிக்கொள்ளும். சர்வரின் சொந்தத் திரையில் உள்நுழைவுப் பக்கம் ஒன்று நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். க்னோம் டெஸ்க்டாப் ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளில், யாரும் தொடாமல் சிறிது நேரம் இருந்தால் தானாகத் தூங்கிவிடும் இயல்பு உண்டு. மடிக்கணினிக்கு அது நல்லது. பக்கத்து ஊரில் பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வர் தூங்கினால், யாராவது நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’ என்பதற்குப் பின் ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்நேட், ஹைப்ரிட்-ஸ்லீப் ஆகிய நான்கின் பெயரையும், ஒவ்வொன்றுக்குப் பின்னும் ‘டாட் டார்கெட்’ சேர்த்து எழுதிவிட்டால், எந்தச் செயலி கேட்டாலும் சர்வர் தூங்காது.

படி 3: எக்ஸ்ஆர்டிபியை நிறுவி, உள்ளூர் முகவரியில் மட்டும் கேட்க வைத்தல்

‘ஆப்ட் இன்ஸ்டால்’ மூலம் எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி என இரண்டு தொகுப்புகளையும் பெயர் சொல்லியே நிறுவுங்கள். இரண்டாவது தொகுப்புதான் உண்மையான எக்ஸ்.ஆர்க் சர்வரை ஆர்டிபியோடு இணைப்பது.

உபுண்டுவில் நிறுவல் முடிந்த கையோடு சேவை தானாகவே தொடங்கி, எல்லா முகவரிகளிலும் 3389 போர்ட்டில் கேட்கத் தொடங்கிவிடும். ஃபயர்வால் இல்லாத கிளவுட் சர்வரில் அந்த நொடியிலிருந்தே அது உலகத்துக்குத் தெரியும். ஆகவே அமைவை முடிக்கும் வரை ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எக்ஸ்ஆர்டிபி’ என்று நிறுத்தி வையுங்கள்.

‘இடிசி’க்குள் ‘எக்ஸ்ஆர்டிபி’ கோப்புறையில் உள்ள ‘எக்ஸ்ஆர்டிபி டாட் ஐஎன்ஐ’ கோப்பைத் திறந்தால், தொடக்கத்திலேயே குளோபல்ஸ் என்ற பகுதி இருக்கும். அதில் போர்ட் என்ற வரியில் 3389 என்று மட்டும் இருக்கும். அதை, ‘டிசிபி’ என எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, அதன்பின் 127.0.0.1:3389 என்று வரும்படி மாற்றுங்கள். அந்த ஒரு வரிதான் இந்த வழிகாட்டியின் மையம். அதற்குப் பிறகு எக்ஸ்ஆர்டிபி, சர்வருக்கு உள்ளிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். போர்ட் எண்ணை மட்டும் 33890 என்றோ 40001 என்றோ மாற்றிவிட்டு ஒளித்துவிட்டதாக நினைப்பது பயன் தராது. முழு வரிசையையும் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு எண் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

அதே கோப்புறையில் உள்ள ‘செஸ்மேன் டாட் ஐஎன்ஐ’ கோப்பு அமர்வுகளை ஆளுவது. அதில் ஏலவ்ரூட்லாகின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். ரூட் கணக்கில் ஒரு முழு டெஸ்க்டாப்பை ஓட்டுவது, அதில் திறக்கும் உலாவி உட்பட எல்லாவற்றுக்கும் சர்வரின் முழு அதிகாரத்தைக் கொடுப்பதற்குச் சமம். சாதாரணப் பயனராக நுழைந்து, தேவைப்படும் இடத்தில் டெர்மினலில் சூடோ பயன்படுத்துவதே முறை.

குறியாக்கத்துக்கான சாவியைப் படிக்க எக்ஸ்ஆர்டிபி சேவைக்கு அனுமதி வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தச் சாவி ‘எஸ்எஸ்எல்-செர்ட்’ என்ற குழுவுக்கு உரியது. ‘சூடோ ஆட்யூசர் எக்ஸ்ஆர்டிபி எஸ்எஸ்எல்-செர்ட்’ என்று இயக்கி, சேவையின் பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால், சாவிக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை என்ற செய்தி லாக்கில் வந்துகொண்டே இருக்கும்.

இனி, எந்த டெஸ்க்டாப் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் பயனரின் முகப்புக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் ‘எக்ஸ்செஷன்’ என்ற பெயருள்ள கோப்பை உருவாக்கி, அதில் ‘எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்’ என்ற ஒரே வரியை எழுதுங்கள்.

கிளவுட் சர்வரில் பலரும் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. எக்ஸ்ஆர்டிபியின் உள்நுழைவுப் பக்கம் கேட்பது லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லை. கிளவுட் படிமத்தோடு வரும் பயனர் கணக்குக்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே இருக்காது; அது பூட்டப்பட்டிருக்கும், சாவியால் மட்டுமே நுழைய முடியும். எத்தனை முறை முயன்றாலும் உள்நுழைவு தோற்றுக்கொண்டே இருக்கும். ‘சூடோ பாஸ்டபிள்யூடி’ என்பதோடு பயனர் பெயரைச் சேர்த்து, நீளமான கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். முதல் படியில் எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டதால், இந்தக் கடவுச்சொல்லை வெளியிலிருந்து யாரும் முயன்று பார்க்கக்கூட வழியில்லை. முதல் படியை முதலில் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

சேவையைத் தொடங்கிய பின் ‘சூடோ எஸ்எஸ்’ கட்டளையை டி, எல், என், பி ஆகிய நான்கு எழுத்து விருப்பங்களுடன் இயக்குங்கள். 3389 என்ற எண் உள்ள வரியில், அதன் இடப்புறம் 127.0.0.1 என்று இருக்க வேண்டும். அங்கே நட்சத்திரக் குறியோ 0.0.0.0 என்றோ இருந்தால் அமைவு இன்னும் ஏற்கப்படவில்லை என்று பொருள். மேலே போகாமல் அதைச் சரிசெய்யுங்கள். அதே பட்டியலில் 3350 என்ற போர்ட்டிலும் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும். அது செஸ்மேன், உள்ளூர் முகவரியில்தான் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

படி 4: ஃபயர்வால்

‘சூடோ யூஎஃப்டபிள்யூ ஏலவ் ஓபன்எஸ்எஸ்எச்’ என்று முதலில் அனுமதி தந்துவிட்டு, அதன்பின் ‘யூஎஃப்டபிள்யூ எனேபிள்’ என்று இயக்குங்கள். இந்த வரிசை மாறினால் உங்களை நீங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். 3389-க்கு எந்த விதியும் எழுத வேண்டாம். கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்குமானால், அங்கேயும் எஸ்எஸ்எச்சின் 22 போர்ட் மட்டும் திறந்திருந்தால் போதும்.

படி 5: டனல்

உங்கள் கணினியில் 13389 என்ற போர்ட்டுக்கு வரும் எதையும், எஸ்எஸ்எச் இணைப்புக்குள் வைத்து, சர்வரின் உள்ளூர் 3389-க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே டனலின் வேலை. உங்கள் டெர்மினலில் ‘எஸ்எஸ்எச்’ என எழுதி, சிறுகோடும் பெரிய எழுத்து ‘என்’னும், பின் சிறுகோடும் பெரிய எழுத்து ‘எல்’லும் இட்டு, அதன்பின் 13389:127.0.0.1:3389 என்று எழுதி, இறுதியில் பயனர் பெயரையும் சர்வர் முகவரியையும் @ குறியால் இணைத்து எழுதுங்கள். ‘என்’ என்பது, கட்டளை எதையும் இயக்காமல் டனலை மட்டும் திறந்து வை என்று பொருள்படும். கட்டளைக்குப் பின் திரையில் எதுவும் வராது. அது அப்படியே நிற்பதுதான் சரியான நிலை.

விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் புதுப்பிப்பு முதல் எஸ்எஸ்எச் செயலி விண்டோஸோடு சேர்ந்தே வருவதால், இதே கட்டளையை பவர்ஷெல்லிலும் இயக்கலாம். புட்டிக்குப் பழகியவர்கள், எஸ்எஸ்எச் பகுதியின் கீழ் உள்ள டனல்ஸ் பக்கத்தில் 13389-ஐ மூலப் போர்ட்டாகவும், 127.0.0.1:3389-ஐ இலக்காகவும் கொடுத்து, ‘ஆட்’ பொத்தானை அழுத்திவிட வேண்டும். அதை அழுத்த மறந்தால் எழுதியது சேராது. உங்கள் பக்கத்திலும் 3389 என்ற எண்ணையே வைக்கக் கூடாதா என்று தோன்றலாம். விண்டோஸ் கணினியில் அந்த எண் அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கு உரியது; இரண்டும் மோதி, புரியாத பிழைச் செய்தி வரும். வேறு எண் வைப்பதே சுலபம்.

முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகை சரியா என்று எஸ்எஸ்எச் கேட்கும். பலரும் படிக்காமலே ‘யெஸ்’ என்று அடித்துவிடும் கேள்வி அது. சர்வரின் கன்சோலில் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ மூலம் இடி25519 பொதுச் சாவிக் கோப்பின் கைரேகையை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்து வரும் எல்லா நம்பிக்கைக்கும் அந்த ஒப்பீடுதான் அடிப்படை.

தினமும் பயன்படுத்துவதாக இருந்தால், உங்கள் எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பில் சர்வருக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்து, லோக்கல்ஃபார்வர்ட் வரியில் இந்த எண்களைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வர்அலைவ்இன்டர்வெல் மதிப்பை 30 ஆக வைத்தால், 30 நொடிக்கு ஒருமுறை எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு, செல்பேசி ஹாட்ஸ்பாட்டில்கூட இணைப்பு சும்மா இருக்கும்போது துண்டிக்கப்படாமல் காக்கும். எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் என்பதை ‘யெஸ்’ ஆக்கினால், டனல் திறக்காத நிலையில் எஸ்எஸ்எச் மௌனமாக நிற்காமல் உடனே பிழை சொல்லி வெளியேறும்.

படி 6: உள்நுழைதல்

விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து, கணினியின் பெயர் கேட்கும் இடத்தில் 127.0.0.1:13389 என்று எழுதுங்கள். லினக்ஸில் ரெம்மினாவிலும் இதே முகவரிதான். ரெம்மினாவுக்குள்ளேயே எஸ்எஸ்எச் டனல் அமைக்கும் பக்கமும் உண்டு. சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். எக்ஸ்ஆர்டிபி தானே கையொப்பமிட்ட சான்றிதழைப் பயன்படுத்துவதால் அது எதிர்பார்க்க வேண்டியதே. நீங்கள் சேர்ந்திருப்பது சரியான சர்வர்தானா என்பதை எஸ்எஸ்எச் கைரேகை முன்பே உறுதிசெய்துவிட்டதால், இந்த இடத்தில் ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்து எக்ஸ்ஆர்டிபியின் சிறிய உள்நுழைவுப் பெட்டி தோன்றும். அமர்வு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ‘எக்ஸ்ஆர்க்’ என்பது இருக்கட்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தால், சில நொடிகளில் எக்ஸ்எஃப்சிஇ திரை வந்துவிடும்.

உள்ளே போனதும் சாளர மேலாளரின் கூடுதல் அமைவுகளில் உள்ள கம்போசிட்டிங்கை அணைத்து, பின்புலப் படத்தை எடுத்துவிட்டு ஒரே நிறத்தை வையுங்கள். இவ்விரண்டும் இணைப்பின் சுமையைக் கண்கூடாகக் குறைக்கும். திரைக்காப்பு தேவையில்லை, பூட்டு உங்கள் சொந்தக் கணினியில் இருந்தால் போதும்.

கடைசியாக, வெளியிலிருந்து ஒரு சோதனை. டனலை மூடிவிட்டு, உங்கள் கணினியிலிருந்து ‘என்சி’ அல்லது ‘என்மேப்’ கொண்டு சர்வரின் 3389 போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். இணைய முடியாது என்ற விடைதான் வர வேண்டும்.

திரை வராதபோது

பெட்டியில் கடவுச்சொல் கொடுத்தவுடன் சாளரம் மூடிவிடுவது, அல்லது கறுப்புத் திரை மட்டும் நிற்பது, எக்ஸ்ஆர்டிபியில் மிகப் பரவலான சிக்கல். பெரும்பாலும் காரணம், அதே பயனர் சர்வரின் நேரடித் திரையிலோ வேறொரு வழியிலோ ஏற்கெனவே ஒரு வரைகலை அமர்வில் இருப்பதுதான். செயலிகள் தம்முள் பேசிக்கொள்ள உதவும் டிபஸின் முகவரி இரண்டு அமர்வுகளுக்கும் பொதுவாகிவிட, பின்னால் வந்தது எழ முடியாமல் விழுகிறது. நேரடித் திரையில் இருப்பவர் லாக்அவுட் செய்தாலே போதும். அப்படிச் செய்ய இயலாத இடத்தில், எக்ஸ்ஆர்டிபி கோப்புறையில் உள்ள ‘ஸ்டார்ட்டபிள்யூஎம் டாட் எஸ்எச்’ கோப்பில், எக்ஸ்செஷனை அழைக்கும் கடைசி வரிகளுக்கு மேலே, டிபஸ் செஷன் பஸ் அட்ரஸ், எக்ஸ்டிஜி ரன்டைம் டைர் ஆகிய இரண்டு சூழல் மாறிகளையும் ‘அன்செட்’ செய்யும் வரிகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு பெயர்களும் முழுக்கப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோட்டுடன் வரும்.

அப்போதும் திரை வரவில்லை என்றால் ஊகிக்காமல் லாக்கைப் படியுங்கள். ‘வார்’ கோப்புறையின் ‘லாக்’ பகுதியில் எக்ஸ்ஆர்டிபிக்கும் செஸ்மேனுக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. இணைப்பும் குறியாக்கமும் முதல் கோப்பில் தெரியும். கடவுச்சொல் ஏற்கப்பட்டதா, சாளர மேலாளர் எத்தனை நொடியில் வெளியேறியது என்பதெல்லாம் இரண்டாவதில் தெரியும். சாளர மேலாளர் தொடங்கிய உடனே வெளியேறியிருந்தால், உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ‘எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ கோப்பைப் பாருங்கள். காரணம் அநேகமாக அங்கே ஒரு வரியாக இருக்கும்.

நிற மேலாண்மைச் சாதனத்துக்கு அனுமதி வேண்டும் என்று நுழைந்தவுடனே கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தால், அது கலர்டி என்ற சேவையின் வேலை. அச்சுக்கும் படத்துக்கும் நிறம் சரிபார்க்கும் அந்தச் சேவைக்குச் சர்வரில் இடமில்லை. அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

இன்னொன்று நாள்பட்டுத்தான் தெரியவரும். முகப்புக் கோப்புறையில் ‘தின்கிளையண்ட் அண்டர்ஸ்கோர் டிரைவ்ஸ்’ என்றொரு கோப்புறை முளைத்திருக்கும். உங்கள் கணினியின் வட்டுகளைச் சர்வரில் காட்டுவதற்காக எக்ஸ்ஆர்டிபி ஏற்றி வைக்கும் இடம் அது. அமர்வுக்குரிய பயனரைத் தவிர ரூட்டால்கூட அதற்குள் போக முடியாது என்பதால், இரவில் ரூட்டாக ஓடும் பேக்கப் நிரல் அந்த இடத்தில் அனுமதி மறுப்புப் பிழையோடு முடியும். ஒன்று, பேக்கப்பில் அந்தக் கோப்புறையை விலக்குங்கள். அல்லது எக்ஸ்ஆர்டிபி அமைவுக் கோப்பின் சேனல்ஸ் பகுதியில் ‘ஆர்டிபிடிஆர்’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். சர்வருக்குக் கோப்பு அனுப்ப எஸ்எஃப்டிபி இருக்கும்போது, நிர்வாகியின் சொந்த வட்டு முழுவதும் சர்வருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அமர்வுகளைக் கையாளுதல்

சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது இணைப்பை மட்டுமே துண்டிக்கும்; அமர்வு சர்வரில் தொடரும். மறுபடி நுழையும்போது விட்ட இடத்திலேயே திரை வரும். ஆனால் எக்ஸ்ஆர்டிபி பழைய அமர்வை அடையாளம் காண்பது பயனர் பெயரையும் நிற ஆழத்தையும் வைத்து. அலுவலகக் கணினியில் 32 பிட், வீட்டுக் கணினியில் 16 பிட் என்று வைத்திருந்தால், வீட்டிலிருந்து நுழைபவருக்குப் பழைய திரை கிடைக்காது. புதிய அமர்வு ஒன்று தொடங்கும். நிறுவல் காணாமல் போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. எல்லாக் கணினிகளிலும் நிற ஆழத்தை ஒன்றாக வைத்தால் தீர்ந்தது.

மறந்துபோன அமர்வுகள் நினைவகத்தை உண்டுகொண்டே இருக்கும். பலர் பயன்படுத்தும் சர்வரில், செஸ்மேன் கோப்பில் உள்ள கில்டிஸ்கனெக்டட் மதிப்பை ‘ட்ரூ’ ஆக்கி, டிஸ்கனெக்டட்டைம்லிமிட்டை நொடிக்கணக்கில் கொடுத்தால், அந்த நேரம் கடந்தபின் அமர்வு முடிக்கப்படும். ஆனால் இதைச் செய்துவிட்டு, இரவு முழுதும் ஓட வேண்டிய வேலையை டெஸ்க்டாப் டெர்மினலில் தொடங்கி விட்டுப் போகக் கூடாது. நீண்ட நேரம் ஓடும் கட்டளைகளை எப்போதும், டெர்மினல் அமர்வை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் இயக்குங்கள்; டெஸ்க்டாப் போனாலும் அது தொடர்ந்து ஓடும், எஸ்எஸ்எச்சில் நுழைந்து அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எக்ஸ்ஆர்டிபி சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன்னும் எல்லோரும் லாக்அவுட் செய்திருப்பதை உறுதிசெய்யுங்கள்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள் சர்வரில் இருந்தால், புதிதாக நிறுவிய எக்ஸ்எஃப்சிஇயில் அவை கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-தமில்’ தொகுப்பையோ நோட்டோ எழுத்துருத் தொகுப்பையோ நிறுவினால் சரியாகிவிடும். முதல் தொகுப்பின் பெயர் ஆங்கிலத்தில் ‘டி, ஏ, எம், எல்’ என்ற நான்கெழுத்துகளில் முடியும்.

தேவையில்லாதபோது நிறுத்தி வைத்தல்

மாதத்தில் ஓரிரு முறை மட்டுமே டெஸ்க்டாப் வேண்டும் என்றால், ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்’ என்பதோடு ‘நவ்’ விருப்பத்தையும் எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன் ஆகிய இரண்டு பெயர்களையும் சேர்த்து இயக்கிவிடுங்கள். சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் அவை எழாது. வேலை வரும்போது எஸ்எஸ்எச்சில் நுழைந்து ‘ஸ்டார்ட்’ கொடுத்து, டனலைத் திறந்து, வேலை முடிந்ததும் டெஸ்க்டாப்பின் மெனுவிலிருந்து லாக்அவுட் செய்து, பிறகு ‘ஸ்டாப்’ கொடுங்கள். லாக்அவுட் செய்யாமல் சேவையை நிறுத்தினால், எக்ஸ்.ஆர்க் செயல்முறை பின்னணியில் தங்கிவிடலாம். ‘பிஎஸ்’ கட்டளையில் அது தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறுங்கள்.